மாணிக்கவாசகம் அமைத்த பூங்கா

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, மைசூரின் ஹெப்பாளில் தான் வேலை பார்த்த தொழிற்சாலை இனி அதிக நாள் ஓடாது என்று மாணிக்கவாசகம் மெய்யாகவே நம்பினார். ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் இல்லாமல் ஒரு தொழிற்சாலை எப்படி நடக்கும்? ஆனால் மறுநாள் காலையும் கம்பெனி பஸ் அவர் வீட்டு முனையில் வழக்கம்போல நின்றது. ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஒரு ஹாரன்கூட அடிக்காமல் போனது. அதற்கடுத்த நாளும் போனது. கொஞ்ச நாள் கேட்டருகே நின்று பார்த்துவிட்டு, உலகம் நன்றிகெட்டது என்ற முடிவோடு வீட்டுக்குள் போனார்.

வீட்டுக்குள் மேற்பார்வை பார்க்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தது. மனைவி சொர்ணலதா. சமையலறை டப்பாக்களை அகர வரிசைப்படி அடுக்குவதற்கு அவர் போட்ட திட்டத்தை அவள் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டாள்.

"ஏனுங்க, வெளியில போயி நாலு பேருக்கு நல்லது பண்ணுங்களேன். வீட்டுக்குள்ள பண்ணினது போதுமுங்க" என்றாள்.

இப்படித்தான் மைசூருக்கு ஒரு சமூக சேவகர் கிடைத்தார்.

சேவை செய்ய அவர் வெகுதூரம் அலைய வேண்டியிருக்கவில்லை. அவர்கள் லேஅவுட்டின் நடுவே, இரண்டு வரிசை வீடுகளின் முதுகுகளுக்கு இடையில், நீளமாக ஒரு நிலம் கிடந்தது. மேலே உயர் அழுத்த மின்கம்பிகள் போயின. 'டவர் லைன்' என்றால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். நிலம் ஓர் இலாகாவுக்குச் சொந்தம். பெயர் எதற்கு, இலாகாக்கள் எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தானே. அந்த இலாகா நிலத்தின் வானத்தை மட்டும் பயன்படுத்திக்கொண்டது. தரையை லேஅவுட்காரர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். உடைந்த கக்கூஸ் பேசின், வீடு கட்டி மிஞ்சிய செங்கல் துண்டுகள், செத்த பூனை, ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டரில் கட்டிய வாழைக்கன்று என்று எல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. மிச்சமிருந்த இடத்தைப் பார்த்தீனியம் பிடித்துக்கொண்டது. வெள்ளைக் குல்லா வைத்தாற்போலப் பூப்பதால் மைசூரில் அதற்குக் காங்கிரஸ் செடி என்று பெயர். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்த நிலத்தில் அது மட்டும் தோற்றதே இல்லை.

லைனுக்கு அந்தப் பக்கம் கொட்டகை போட்டுக் குடியிருந்த கட்டட வேலைக்காரத் தமிழ்க் குடும்பங்கள் பஸ் பிடிக்க இதன் குறுக்கேதான் போய் வந்தார்கள். பெண்கள் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு வேகமாக நடப்பார்கள்.

மாணிக்கவாசகம் அந்த நிலத்தைப் பார்த்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது பிருந்தாவனம். அணைக்கட்டுக்குக் கீழே இருப்பதைப் போலவே, கொஞ்சம் சின்னதாக. பாட்டுக்கு ஆடுகிற நீரூற்று, கம்பளம் விரித்த மாதிரிப் புல்தரை, வட்ட வட்டமாக டேலியா, வாசலில் ஒரு சலவைக்கல். மற்றதெல்லாம் எப்படி வந்தாலும் சரி, கல்லில் யார் பெயர் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை.

லேஅவுட்டின் க்ஷேமாபிவிருத்திச் சங்கத்துக்கு அவரே தலைவர் ஆனார். போட்டி இல்லை. கூட்டத்துக்கு வந்தவர்களே அவரும், கூடத்தைப் பூட்டுவதற்காகக் காத்திருந்த வாட்ச்மேனும்தான்.

இலாகாவின் உதவிப் பொறியாளர் சந்துரு இளவயசுக்காரர். தமிழ் வீட்டுப் பிள்ளைதான், ஆனால் மைசூரிலேயே பிறந்து வளர்ந்ததில் அவருடைய தமிழ் கன்னடத்தைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே வரும்.

"பார்க் மாடலாம் சார், பண்ணலாம், தப்பில்லே" என்றார் சந்துரு. "ஆனா உசரமா வளர்ற மரம் பேடா, வேணாம். கம்பியைத் தொட்டுடும். இரும்பு வேலி பேடா. ஷெட்டு, மண்டபம் ஒண்ணும் கட்டக் கூடாது. தண்ணி மேல பீச்சற மாதிரி எதுவும் கூடாது. நாங்க எப்போ கேட்டாலும் ஜாகாவைத் திருப்பிக் கொடுத்துடணும்."

"அப்ப நான் அங்க என்னதானுங்க பண்றது?"

"சும்னே இருக்கலாம் சார். அதுக்கு இலாகா ஒப்புக்கும்."

அந்த நிலத்தைப் பற்றி யாரும் சொன்ன யோசனைகளில் அதுதான் மிகச் சிறந்தது. மாணிக்கவாசகம் அதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

லாரி வந்து குப்பையை அள்ளியது. பார்த்தீனியத்தை ஆட்கள் வெட்டினார்கள், வேரை விட்டுவிட்டு. பெங்களூரிலிருந்து சுருட்டிக் கட்டிய புல் வந்து இறங்கியது, பாயை விரிப்பதுபோல விரித்தார்கள். டேலியா வந்தது, குரோட்டன்ஸ் வந்தது. வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் ஒரு சிமென்ட் பெங்குவின், குப்பை போடுவதற்காக, வாசலில் நிறுத்தப்பட்டது. நீரூற்று கூடாது என்று சந்துரு சொல்லியிருந்தார்தான். ஆனால் ஊற்று எழும்பி, பாட்டும் போட்டுவிட்டால் அந்தப் பையன் மனம் இளகாதா என்ன? நடுவில் ஆழமாக ஒரு குழி வெட்டச் சொன்னார் மாணிக்கவாசகம். எல்லாவற்றுக்கும் மேலாக, கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரு போர்டு எழுதி நட்டார்: 'புல்லின் மேல் நடக்காதீர்கள்'.

வேனல் வந்தது. லேஅவுட்டில் குடிக்கவே ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். பெங்களூர்ப் புல்லுக்கு அந்த விவரம் தெரியாது. முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, பிறகு எந்த நிறமும் இல்லாமல் போனது. போர்டு மட்டும் பச்சை பெயிண்டில் பளபளத்துக்கொண்டிருந்தது.

ஒரு காலை, கொட்டகைப் பக்கத்திலிருந்து வந்த பாப்பம்மாளை மாணிக்கவாசகம் வழிமறித்தார். சித்தாள் வேலைக்குப் போகிறவள், தலையில் சும்மாடு, கையில் தூக்குப்பாத்திரம்.

"ஏம்மா, போர்டு கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுதுங்க. படிக்கத்தான் தெரியாது. என்னங்க எழுதியிருக்கு?"

"புல்லு மேல நடக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு."

பாப்பம்மாள் குனிந்து இடமும் வலமும் நன்றாகப் பார்த்தாள். அவள் முகத்தில் கேலி எதுவும் இல்லை. உண்மையாகவே உதவி செய்ய நினைத்தாள்.

"எதுங்க புல்லு?"

மாணிக்கவாசகம் கம்பீரமாகப் பின்வாங்கினார். பின்வாங்கும்போது போர்டு தூரத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே போனார். இன்னும் இரண்டடி பின்னால் போனால் முழுதாகத் தெரியும் என்று தோன்றியது. போனார். நீரூற்றுக்காக வெட்டிய குழி அங்கேதான் இருந்தது.

பாப்பம்மாளும் இன்னும் மூன்று பெண்களும்தான் அவரைத் தூக்கி வெளியே போட்டார்கள். அன்றைக்கு அவர்கள் பஸ் தப்பிப் போனது. கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

மாவுக்கட்டோடு முன்னறைக் கட்டிலில் படுத்தபடியே மாணிக்கவாசகம் பூங்காவை நிர்வகித்தார். சொர்ணலதா தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும், டேலியாவுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், களை ஒன்று இருக்கக் கூடாது. சொர்ணலதா சரியென்று போனாள். முதல் மழை விழுந்து, வெட்டிய பார்த்தீனியம் எல்லாம் வேரிலிருந்து இரட்டிப்பாகக் கிளம்பியிருந்தது. அந்தச் செடி அவளுக்கு ஆகாது. அது பூத்தால் அவளுக்கு மூச்சு இழுக்கும், ராத்திரி உட்கார்ந்தேதான் தூங்க வேண்டும். லேஅவுட்டில் பாதிப் பெண்களுக்கு அப்படித்தான். கொட்டகைப் பெண்களுக்குக் கையெல்லாம் தடித்துப் போகும்.

"பூக்கறதுக்கு முந்தி வேரோட புடுங்கிப் போட்டரலாமுங்கக்கா" என்றாள் பாப்பம்மாள், வேலை விட்டு வரும் வழியில் நின்று.

"மத்த செடியெல்லாம்?" என்றாள் சொர்ணலதா. தும்பை, துத்தி, குப்பைமேனி, ஆவாரை, பெயர் தெரியாத புல் என்று என்னென்னவோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் பிடுங்க யாருக்கும் இடுப்பில் பலம் இல்லை. "நம்மள ஒண்ணும் பண்ணாத செடிய நாம எதுக்குப் புடுங்கோணும்? இருந்துட்டுப் போகட்டும், விடு."

பூங்காவின் திட்டம் என்று ஒன்று இருந்ததென்றால் அது இவ்வளவுதான். அது எந்தச் சங்கத்திலும் நிறைவேற்றப்படவில்லை.

மழைக்காலம் முழுக்க அவர்கள் பிடுங்கினார்கள். லேஅவுட் பெண்கள் சமையலை முடித்துவிட்டு வந்தார்கள், கொட்டகைப் பெண்கள் வேலையிலிருந்து திரும்பும்போது ஒரு கை போட்டார்கள். கையில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு, முக்காடு போட்டுக்கொண்டு, ஈர மண்ணில் குந்தி உட்கார்ந்து. வேலை நடுவே பேச்சு. யாரோ உடைந்த கடப்பாக்கல்லை இழுத்துவந்து செங்கல் மேல் வைத்தார்கள், உட்கார இடமானது. குழியில் மழைத் தண்ணீர் நின்றது. கொசு வரும் என்று பயந்து ஏரியிலிருந்து சின்ன மீன்களைக் குடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். தும்பைப்பூ சிவன் படத்துக்கு ஆயிற்று, மணத்தக்காளிக் கீரை குழம்புக்கு ஆயிற்று.

கட்டிலிலிருந்து மாணிக்கவாசகம் தவறாமல் விசாரிப்பார்.

"களையெல்லாம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுங்க."

"புல்லு?"

"நல்லா வளந்திருக்குதுங்க."

"டேலியா?"

"அது இருந்த எடம் நல்லா இருக்குதுங்க."

சொர்ணலதா பொய் சொல்லுகிறவள் இல்லை.

ஊன்றுகோலோடு மாணிக்கவாசகம் முதன்முதலாக வெளியே வந்தபோது மழை ஓய்ந்து, வெயில் ஏறியிருந்தது. டவர் லைன் முனையில் போய் நின்றார். இடுப்பு உயரத்துக்குப் புல் அசைந்துகொண்டிருந்தது. ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. அதன் மேல் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் பறந்தபோது எது பூ எது பூச்சி என்று தெரியவில்லை. போர்டின் மேல் சங்குப்பூக் கொடி ஏறியிருந்தது. அதில் 'நடக்க' என்பது மட்டும் பாக்கி. பெங்குவினின் வாய்க்குள் மைனா குடித்தனம் நடத்தியது. புல்லுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஆட்கள் நிதானமாக நடந்து போனார்கள். யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

"என்ற லான் எங்க?" என்றார்.

"அது வேனல்லயே போயிருச்சுங்க. காலு வேற ஒடைஞ்சு கெடந்தீங்க, எதுக்குச் சொல்லி மனசைக் கஷ்டப்படுத்தறதுன்னு விட்டுட்டேன்."

"இது காடு! மனுசன் பார்க்கற மாதிரியா இருக்கு?"

அன்றைக்கே ஆள் பேசினார். அடுத்த திங்கட்கிழமை வந்து, எல்லாவற்றையும் செதுக்கி எடுத்துவிட்டுப் புதிதாகப் புல் விரிப்பது என்று ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை காலை போனபோது, ஆவாரைக்குப் பக்கத்தில் ஒரு பெண் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கல்லூரி மாணவிகள். அனுப்ரியா, தாவரவியல் விரிவுரையாளர், லேஅவுட்டின் கடைசி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள். ஊன்றுகோலைப் பார்த்ததும் எழுந்தாள்.

"சார், நீங்கதானே அசோசியேஷன் பிரசிடென்ட்? எல்லாரும் லானும் குரோட்டன்ஸும் வைக்கறாங்க. இந்த மண்ணோட செடிகளையே வளர விட்டு, பார்த்தீனியத்தை மட்டும் எடுத்து, இப்படி ஒரு இடத்தை உண்டாக்கணும்னு யாருக்கு சார் தோணிச்சு? என்னோட ஸ்டூடண்ட்ஸுக்கு இதைவிட நல்ல லேப் கெடைக்காது."

மாணிக்கவாசகம் தயங்கினார். அந்தத் தயக்கம் ஒரு இருமல் நீளம்தான் இருந்தது.

"நானுங்க" என்றார். "லானெல்லாம் வெள்ளைக்காரன் புத்திங்க. நம்ம மண்ணுல நம்ம செடி இருக்கோணும். நான் ஆரம்பத்திலிருந்தே அதைத்தான் சொல்லிட்டு வர்றேன்."

அவருக்குப் பின்னால் சொர்ணலதா ஒரு கட்டுப் பார்த்தீனியத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். கட்டைக் குவியலில் போட்டாள், கொஞ்சம் பலமாகவே.

திங்கட்கிழமை வந்த ஆட்களை மாணிக்கவாசகமே திட்டித் திருப்பி அனுப்பினார். பச்சை உயிரை வெட்ட வந்தீர்களா என்று கேட்டார்.

அதன் பிறகு அவருக்கு ஓய்வே இல்லை. உள்ளூர்க் கன்னடப் பத்திரிகையில் படம் வந்தது. எதையாவது சுட்டிக்காட்டுங்கள் என்று போட்டோகிராபர் சொன்னதால் வானத்தைச் சுட்டிக்காட்டியிருந்தார். பள்ளிக்கூட விழாவில் பேசக் கூப்பிட்டார்கள். மேடையில் நாயுருவியைத் துளசி என்றார், கைதட்டினார்கள். எப்படி மழையில் நனைந்துகொண்டு, ஒவ்வொரு செடியாக, பூக்கும் முன் வேரோடு எடுக்க வேண்டும், எப்படிக் கை தடித்துப் போகும், எப்படி இடுப்பு விட்டுப்போகும் என்று விவரித்தார். முதலில் பொதுவாகத்தான் சொன்னார். கேட்டவர்கள் மேலும் கேட்க, அவர் சொர்ணலதாவிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தார். அவளும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். எத்தனையோ வருஷத்தில் அவர்கள் அவ்வளவு பேசியதில்லை. அவள் ராத்திரி மூச்சிழுத்து உட்கார்ந்திருந்தது தன் பக்கத்துக் கட்டிலில்தான் என்பதும், தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தோம் என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அதையும் அடுத்த கூட்டத்தில் சொல்லிக்கொண்டார், மூச்சிழுத்தது தனக்கு என்று மாற்றி.

பத்திரிகையைப் படித்தவர்களில் இலாகாவும் உண்டு. தனக்கு இப்படி ஒரு நிலம் இருப்பதே அப்போதுதான் அதன் நினைவுக்கு வந்தது.

மண்டி மொஹல்லாவில் மொத்த வியாபாரம் செய்யும் மனோஜ்குமார், டவர் லைனின் சாலையோர முனையை ஒட்டிக் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். ஆயிரம் பேர் சாப்பிடலாம், ஆனால் பத்துக் கார் நிறுத்த இடமில்லை. லைன் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டார். கட்டடம் இல்லை, மரம் இல்லை, வெறும் வண்டிகள்தானே என்று இலாகா பெருந்தன்மையாக இசைந்தது. பூங்கா என்று பேப்பரில் வந்துவிட்டதால், சங்கத் தலைவரின் சம்மதம் மட்டும் வேண்டும் என்றார்கள்.

மனோஜ்குமார் வீட்டுக்கே வந்தார். சொர்ணலதா அப்போது லைனில் இருந்தாள்.

"உங்களுக்குக் கஷ்டமே இல்லை சார்" என்றார். "முன்பக்கம் ரோட்டோரமா மண்டபத்து ஜாகாவிலேயே சின்னதா ஒரு பார்க் போட்டுடறேன். நல்ல லான், மியூசிக் ஃபவுண்டன், எல்லாம் என் பொறுப்பு. வாசல்ல மார்பிள் கல்லு. 'மாணிக்கவாசகம் பூங்கா'ன்னு உங்க பேர்லயே."

மாணிக்கவாசகத்துக்கு உடம்பு சிலிர்த்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசிப்பதற்கு எதுவும் இல்லை, ஆனால் உடனே சொன்னால் மரியாதையாக இருக்காது.

அன்று சாயங்காலம் லைனுக்குப் போனார். உறவுக்காரர் வீட்டைத் தேடிக்கொண்டு வந்த யாரோ ஒரு பெண்ணுக்குப் பாப்பம்மாள் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். "நேரா போங்க. சொர்ணக்கா தோட்டம் முடியற எடத்துல மூணாவது வீடு."

சொர்ணக்கா தோட்டம்! பேப்பரில் யார் படம் வந்தது? பள்ளிக்கூடத்தில் யாருக்கு மாலை போட்டார்கள்? மாணிக்கவாசகம் யாரிடமும் பேசாமல் திரும்பினார். இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் போய்விட்டது. மறுநாள் காலை எல்லாரும் இடத்திலேயே கூடிப் பேசி முடித்துவிடலாம் என்று மனோஜ்குமாருக்கு போன் போட்டார்.

காலையில் பனி இன்னும் புல்லில் இருந்தது. சந்துரு வந்தார், மனோஜ்குமார் வந்தார். கொஞ்சம் தள்ளிப் பெண்கள் குந்தி உட்கார்ந்து, புதிதாக முளைத்த பார்த்தீனியக் குருத்துகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். சொர்ணலதாவும் இருந்தாள். என்ன நடக்கிறது என்று அவளுக்குச் சொல்லப்படவில்லை. ஆனால் ஊருக்கே தெரிந்திருந்தது.

மனோஜ்குமார் நாலாபுறமும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒரு மெஷின் விட்டா ஒரே நாள்ல கிளீன் ஆயிடும் சார். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. எல்லாம் தானா மொளைச்சதுதானே?"

மாணிக்கவாசகம் ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"தானா மொளைக்கலீங்க" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை. இத்தனை மாதமாக மேடை மேடையாக அந்த வேலையை வர்ணித்ததில், அது என்ன வேலை என்று அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. இப்போது ஒருவர் வந்து, அப்படி ஒரு வேலையே நடக்கவில்லை என்கிறார்.

"அப்புறம்? நீங்க வளர்த்தீங்களா?" என்றார் சந்துரு, ஆர்வமாக.

மாணிக்கவாசகம் பெண்கள் பக்கம் பார்த்தார். சொர்ணலதா தலையைத் தூக்கவில்லை. மண் அப்பிய அவள் முன்கை முழங்கை வரைக்கும் சிவந்து தடித்திருந்தது. கூட்டங்களில் அவர் தன் கையை நீட்டிக் காட்டி விவரித்த தடிப்பு அதுதான். அவர் கை வழவழவென்று இருந்ததை யாரும் கேட்டதில்லை.

"நான் இல்லீங்க" என்றார். குரல் கீழே இறங்கிவிட்டது. "நான் வச்சதெல்லாம் செத்துப்போச்சு. அப்புறம் குழிக்குள்ள விழுந்து காலை ஒடைச்சுட்டு வீட்டுல கெடந்தேன். இது என்ற சம்சாரம் பண்ணினது. அவளும், அந்தம்மா பாப்பம்மாளும், மத்தவங்களும். அவங்க பேரெல்லாம் எனக்குத் தெரியாதுங்க."

"பேப்பர்ல உங்க போட்டோதானே வந்துது?" என்றார் மனோஜ்குமார்.

"அது பொய்யுங்க."

பெண்கள் பிடுங்குவதை நிறுத்தியிருந்தார்கள்.

"சம்மதம் சொல்ல எனக்கு என்னங்க ரைட்ஸ் இருக்கு? அவங்களைக் கேளுங்க."

சந்துரு தர்மசங்கடமாகச் சொர்ணலதாவைப் பார்த்தார். அவள் எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டா, வேண்டாமுங்கன்னுதான் சொல்லுவோம்" என்றாள். திரும்பவும் உட்கார்ந்துகொண்டாள்.

இதோடு எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் வேண்டாம் என்று சொன்னால் கேட்பதற்கு இலாகா என்ன சின்னப் பிள்ளையா? அடுத்த வாரமே மண் தள்ளும் மெஷின் வந்தது. பெண்கள் போய்ப் பாதையில் உட்கார்ந்தார்கள். கொட்டகைக்காரர்கள் அன்றையக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மாணிக்கவாசகமும் போனார். காலை மடக்க முடியாததால் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய், போராட்டத்துக்கே தலைமை தாங்குகிறவர்போல நடுவில் உட்கார வேண்டியதாயிற்று. இந்த முறை அது அவர் குற்றமில்லை.

டிரைவர் இறங்கி வந்து தலையைச் சொறிந்தான்.

"எந்தூரப்பா?" என்றாள் சொர்ணலதா.

"ஹனூர்ப் பக்கமுங்க."

"பேரு?"

"ஜடையனுங்க."

"ஹனூர்ல யாரு வூடு? நாங்க கொள்ளேகாலமப்பா."

பேச்சு வளர்ந்தது. அவனுடைய சித்தப்பா கல்யாணம் செய்த பெண், பாப்பம்மாளின் ஓரகத்திக்கு ஏதோ ஒரு வழியில் தங்கை முறை என்று தெரியவந்தது. ஜடையனுக்கு டீ வந்தது. டீயைக் குடித்துவிட்டு, சொந்தக்காரர் மேல் மெஷின் ஏற்றுவதற்குத் தனக்கு உத்தரவு இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டுச் சீட்டில் ஏறித் தூங்கிவிட்டான்.

மத்தியானம் சந்துரு வந்தார். உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார், தூங்குகிறவனைப் பார்த்தார். அவருக்குத் தகராறு பிடிக்காது. விஷயம் மேலிடத்தின் பரிசீலனைக்கு அனுப்பப்படுகிறது என்று அறிவித்தார். அரசாங்கத்தால் சில காரியங்களை மிகச் சிறப்பாகச் செய்ய முடியும். பரிசீலனை அவற்றில் ஒன்று. அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

மனோஜ்குமார் வியாபாரி, முழுதாகத் தோற்றுப் போகிறவர் இல்லை. சாலையோரத்து மூலை எப்படியோ அவருக்குக் கிடைத்துவிட்டது. முகூர்த்த நாட்களில் அங்கே கார்கள் நிற்கின்றன, பேண்டு வாத்தியம் போட்டு அந்தப் பக்கத்து ஆவாரையை ஒரு பறவையும் அண்டாமல் செய்துவிடுகிறார்கள். மற்ற இடம் அப்படியே இருக்கிறது.

அனுப்ரியாவிடம் போய் உண்மையைச் சொல்ல மாணிக்கவாசகத்துக்கு ஒரு மாதம் பிடித்தது. ரொம்பச் சுற்றிவளைத்துச் சொன்னார்.

"அன்னைக்கே தெரியும் சார்" என்றாள் அவள். "அப்புறம் ஸ்கூல்ல வேற நாயுருவியைத் துளசின்னீங்களாம். நீங்க எப்படி சார் வளர்த்திருப்பீங்க?"

"அப்ப ஏம்மா ஒண்ணும் சொல்லலை?"

"நீங்க வெட்டறதுக்கு ஆள் சொல்லியிருந்தீங்கன்னு கேள்விப்பட்டேன். உங்களோடதுன்னு நெனைச்சா வெட்ட மாட்டீங்கன்னு தோணிச்சு."

தலைவர் பதவியைச் சொர்ணலதாவுக்குக் கொடுக்க முன்வந்தார். மீட்டிங்குக்கெல்லாம் நேரமில்லை என்று சொல்லிவிட்டாள். அதனால் அவரே தலைவராகத் தொடர்ந்தார். கூடவே, பெண்கள் அவருக்கு ஒரு வேலையும் கொடுத்தார்கள். பாதை ஓரமாக ஒரு துண்டு நிலத்தில் பார்த்தீனியம் பிடுங்குவது. குந்தி உட்கார முடியாது, ஆகவே ஒரு ஸ்டூல். முதல் வாரம் தும்பையையும் சேர்த்துப் பிடுங்கினார். பாப்பம்மாள் மறுபடி நட்டுவைத்தாள். இரண்டாம் வாரம் கை தடித்தது. அதை யாரிடமும் காட்டவில்லை. பெண்களின் பெயர்களைத் தெரிந்துகொண்டார்: மல்லம்மா, லிங்கம்மா, கௌரம்மா. கௌரம்மாவையும் லிங்கம்மாவையும் மாற்றிக் கூப்பிடுவார். இருவரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அடுத்த மழைக்காலத்தின் ஆரம்பத்தில் ஒரு நாள், தூறல் வந்து எல்லாரும் ஓடிவிட்டார்கள். அவரால் ஓட முடியாது. ஸ்டூலிலேயே துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புல் விலகியது. ஒரு கவுதாரி வெளியே வந்து நின்று, அவரைப் பார்த்தது. அவர் அசையவில்லை. அது பாதையைக் கடந்தது. அதன் பின்னால் உருண்டை உருண்டையாகக் குஞ்சுகள், ஒன்றன் மேல் ஒன்று இடித்துக்கொண்டு, அவருடைய ஊன்றுகோலைச் சுற்றிக்கொண்டு ஓடி எதிர்ப்பக்கத்துப் புல்லுக்குள் மறைந்தன.

சங்கத்தைக் கூட்டலாம். பத்திரிகைக்குச் சொல்லலாம். அந்த இடத்தில் ஒரு போர்டு வைக்கலாம். எல்லாம் மனதில் வந்தன. ஆள் வந்து எட்டிப் பார்த்தால் அவை இருக்குமா என்றும் வந்தது. தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு செய்தியை அறிவிக்காமல் வீட்டுக்குப் போனார். அது பெரிய வேலையாக இருந்தது. சாப்பிடும்போது இரண்டு தடவை வாய் வரைக்கும் வந்து, ரசத்தோடு உள்ளே போயிற்று.

காலையில் தாங்க முடியவில்லை. சொர்ணலதா ஒருத்தியிடம் மட்டும் சொல்லலாம் என்று சமையலறை வாசலில் போய் நின்றார்.

"யார்கிட்டயும் சொல்லிராதே" என்று மெல்லக் குனிந்தார். "லைன்ல கவுதாரி குஞ்சு பொரிச்சிருக்கு."

சொர்ணலதா காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"தெரியுமுங்க. நாங்க எல்லாரும் பார்த்தாச்சு. நீங்க ஊரெல்லாம் சொல்லிருவீங்கன்னுதான் உங்ககிட்டச் சொல்லலை" என்று டம்ளரை நீட்டினாள்.